அடகு மீட்ட முள்முடியும் 24 வண்டில் புத்தகங்களும்

பாரிசுக்குப் போய் வருகிற எங்கட ஆக்களுக்கு இரண்டு சப்பல் தெரியும். முதலாவது லாச்சப்பல். புடவைக்கடை, நகைக்கடை, கொத்துரொட்டி, வருடா வருடம் இழுக்கிற பிள்ளையார் தேர். அதைப் பற்றி இங்கே விளக்கத் தேவையில்லை. இரண்டாவது சாந்த் சப்பல், அதாவது புனித சிற்றாலயம். லாச்சப்பலுக்குப் பக்கத்தில், கார் து நோர் நிலையத்தில் நாலாம் இலக்க மெத்ரோவில் ஏறினால், கொஞ்ச நேரத்தில் சித்தே தரிப்பிடத்தில் இறங்கலாம். கோடை விடுமுறைக்குச் சொந்தக்காரர் வந்தால் ஈபிள் கோபுரத்துக்குப் பிறகு கூட்டிக்கொண்டு போகிற இடங்களில் அதுவும் ஒன்று. போய் வந்த பிறகு படம் வரும். நிறக்கண்ணாடி யன்னலுக்கு முன்னால், அண்ணாந்து பார்த்தபடி. கீழே எழுதியிருக்கும்: "சொல்ல வார்த்தை இல்லை."

எங்களுக்குப் பிரச்சினை அந்த ஒரு வரியோடுதான். வார்த்தை தாராளமாக இருக்கிறது. வார்த்தை மட்டுமல்ல, இந்தக் கட்டடத்துக்குக் கணக்கு வழக்கே இருக்கிறது. கதைத்தால் அழகு கெட்டுப்போகும் என்ற பயத்தில்தான் வார்த்தை இல்லை என்கிறோம். "எல்லாத்துக்குள்ளயும் அரசியலைக் கொண்டு வராதேங்கோ, வடிவை வடிவாப் பாருங்கோ" என்று எங்களிடம் சொன்னவர்களுக்கு நாங்கள் சொல்வது இதுதான்: அரசியலை உள்ளே கொண்டு வந்தவர்கள் நாங்கள் இல்லை. அரசியல்தான் அந்தக் கட்டடத்தைக் கட்டியது.

வடிவு என்பதில் எங்களுக்குச் சண்டை கிடையாது. இன்றைக்கு நீதிமன்ற வளாகமாக இருக்கிற பழைய அரச மாளிகையின் முற்றத்தில் அது நிற்கிறது. வாசலில் பொலிஸ் சோதனை முடிந்து, ஒடுங்கிய படியால் ஏறி மேல்மாடத்துக்குப் போனால் சுவர் என்ற ஒன்றையே காணக் கிடைக்காது. கல் வெறும் எலும்பு மாதிரி மெலிந்து மேலே போகிறது, மிச்சமெல்லாம் கண்ணாடி. 15 யன்னல்கள், அவற்றில் 1,113 காட்சிகள். ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு 13ஆம் நூற்றாண்டுக் கண்ணாடியே. வெயில் நாளில் நிலம் நீலமும் சிவப்புமாகக் கிடக்கும். ஓம், வடிவுதான்.

இப்ப கணக்குக்கு வருவம்.

சிற்றாலயத்தைக் கட்ட ஏறத்தாழ 40,000 லீவ்ர் செலவானது என்று வரலாற்றாளர்கள் சொல்கிறார்கள். லீவ்ர் என்பது அந்தக் காலத்துப் பிரெஞ்சுக் காசு. அதற்குள் வைப்பதற்காக ஒன்பதாம் லூயி பெற்றுக்கொண்ட இயேசுவின் முள்முடிக்குப் போனது 135,000 லீவ்ர். அதாவது பெட்டியை விட உள்ளே இருக்கிற சாமான் மூன்று மடங்குக்கும் மேல். அந்த முடியையும் மற்றத் திருப்பண்டங்களையும் வைக்கச் செய்த பொன் வெள்ளிப் பேழைக்கு மட்டும் 100,000 லீவ்ர். கோயிலுக்காகத் திருப்பண்டம் வரவில்லை. திருப்பண்டத்துக்காகத்தான் கோயில் வந்தது. அந்த முழுக் கட்டடமும் ஒரு பெரிய நகைப்பெட்டி.

சரி, அந்த முடி எங்கே இருந்தது? அடகில். உண்மையாகவே அடகுதான், உவமை இல்லை. கொன்ஸ்தாந்திநோப்பிளை ஆண்ட இலத்தீன் பேரரசர் இரண்டாம் போட்வினிடம் காசில்லை. பெயருக்குப் பேரரசு, கஜானா காலி. அவர் மேற்கே உதவி கேட்டு அலைந்துகொண்டிருந்தபோது, 1238இல் அவருடைய பிரபுக்கள் முள்முடியை வெனிஸ் வர்த்தகர் நிக்கோலோ குவெரினியிடம் 13,134 பொற்காசுக்கு ஈடு வைத்தார்கள். தவணைக்குள் மீட்காவிட்டால் முடி வெனிசுக்குச் சொந்தம். யாழ்ப்பாணத்தில் சங்கிலி அடகு வைத்த எந்தக் குடும்பத்துக்கும் இந்த நிபந்தனை புதிது இல்லை. லூயி இரண்டு தொமினிக்கன் துறவிகளை அனுப்பிக் கடனைக் கட்டி மீட்டார்.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. திருப்பண்டங்களை விற்கக்கூடாது என்று 1215ஆம் ஆண்டின் நான்காம் லாத்தரன் பொதுச்சங்கம் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆகவே இது விற்பனை இல்லை. போட்வின் அன்பாக முடியைப் "பரிசளித்தார்", லூயி அன்பாக அவருடைய கடனை "அடைத்தார்". இரண்டு அன்பும் ஒரே நேரத்தில் நடந்தது தற்செயல். காணி உறுதியில் ஒரு விலையும் கையில் ஒரு விலையும் மாறுகிற ஊரில் வளர்ந்த எங்களுக்கு இதை ஆரும் சொல்லித்தர வேண்டாம்.

இன்னும் ஒரு படி பின்னுக்குப் போனால், அந்த முடி போட்வின் ஆட்களின் கைக்கு எப்படி வந்தது என்ற கேள்வி வரும். 1204இல் நான்காவது சிலுவைப்போர்க்காரர்கள் எருசலேமுக்கு என்று வெளிக்கிட்டுக் கொன்ஸ்தாந்திநோப்பிளில் இறங்கினார்கள். கிறிஸ்தவ நகரம். கிறிஸ்தவர்கள்தான் அதைக் கொள்ளையடித்தார்கள். தேவாலயங்களைக் கிண்டினார்கள், எரித்தார்கள், தங்களுக்குள் ஒரு பேரரசரைத் தெரிவுசெய்தார்கள். அந்தக் கொள்ளையில் கட்டிய அரசின் வாரிசுதான் போட்வின். கள்ளச்சாமான் மூன்று கை மாறினால் பக்திச்சாமான் ஆகிவிடும் போல.

இந்த இடத்தில் எங்கட பகுத்தறிவுத் தோழர்கள் சிரிக்கத் தொடங்குவார்கள். "அது முதல்ல உண்மையான முடியே இல்லையடா." அவர்களோடும் எங்களுக்கு உடன்பாடு இல்லை. ஓம், இயேசு இறந்து ஏறத்தாழ 400 வருடங்களுக்கு அப்படி ஒரு முடி எங்காவது வைத்து வணங்கப்பட்டதற்குத் தடயம் இல்லை. இன்றைக்கு இருப்பதும் முள்ளே இல்லாத ஒரு புல்வளையம். முட்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்து, அரசர்கள் கொடுத்த பரிசுகளாகப் பல ஊர்களுக்குப் போய்விட்டன. அதைச் சொல்லிச் சிரித்துவிட்டு எழும்பிப் போவது சுகமான வேலை. ஆனால் போலி என்று நிரூபித்தால் எல்லாம் முடிந்துவிட்டதா? கட்டிய காசு போலி இல்லை. அதன் பேரால் நடந்தவை போலி இல்லை. காசுத்தாள் வெறும் கடுதாசி என்று நிரூபித்தவன் வங்கியை வென்றுவிட்டதாக நினைப்பது மாதிரித்தான் இந்தச் சிரிப்பு. முடி உண்மையா என்பதைவிட, அதை வைத்து லூயி என்ன வாங்கினார் என்பதே கேள்வி.

வாங்கியது அரசுரிமை. 1239 ஓகஸ்டில் முடி வந்து சேர்ந்தபோது, லூயியும் அவருடைய தம்பி ரொபேரும் வெறுங்காலோடு, ஒற்றைச் சட்டையோடு, பேழையைத் தோளில் சுமந்து சான்ஸ் நகருக்குள் நடந்தார்கள். அழகான தாழ்மை. ஆனால் யாருடைய முடியைச் சுமக்கிறார் என்று பாருங்கோ. உலகத்துக்கே அரசர் என்று அவர்கள் நம்பியவரின் முடி. அதைச் சுமக்கிறவனுடைய தலையில் இருக்கிற முடியை இனி யார் கேள்வி கேட்பது? சிற்றாலய யன்னல்களிலும் இதே கதைதான். பழைய ஏற்பாட்டு அரசர்களும் தலைவர்களும் முடிசூடுகிறார்கள், திரும்பத் திரும்ப முடிசூடுகிறார்கள். கடைசி யன்னல் ஒன்றில் முள்முடி பாரிசுக்கு வருகிற கதை. மோசேயில் தொடங்கிய வரிசை லூயியில் வந்து நிற்கிறது.

இலங்கையில் இருக்கிற எங்களுக்கு இது விளங்காமல் போக நியாயமில்லை. தந்ததாது யாரிடமோ அவரிடமே அரசு என்ற எண்ணம் இந்தத் தீவில் எத்தனை தலைநகரங்களோடு இடம் மாறியது என்று பள்ளிக்கூட வரலாற்றுப் புத்தகத்திலேயே இருக்கிறது. 1560இல் போர்த்துக்கேயர் யாழ்ப்பாணத்துக்குப் படையெடுத்து வந்தபோது ஒரு பல்லையும் எடுத்துக்கொண்டு போனார்கள். அதுதான் தந்ததாது என்று கேள்விப்பட்ட பெகு அரசர் பெருந்தொகை தருகிறேன் என்று ஆள் அனுப்பினார். கோவாவில் பேராயர் விடவில்லை. சனத்துக்கு முன்னால் உரலில் இடித்து, எரித்து, சாம்பலை ஆற்றில் விட்டார்கள். ஒரு திருப்பண்டத்துக்கு 135,000 லீவ்ர், இன்னொன்றுக்கு உரல். எது புனிதம், எது பல் என்று தீர்மானிப்பது கடைசியில் யாரிடம் கப்பல் இருக்கிறது என்பதுதான்.

சிற்றாலயம் இரண்டு மாடி என்று சொன்னோமா? கீழ்மாடம் மாளிகை ஊழியர்களுக்கு. தாழ்ந்த கூரை, குறைந்த வெளிச்சம். மேல்மாடம் அரசருக்கும் அவரைச் சேர்ந்தவர்களுக்கும். கண்ணாடியும் வெளிச்சமும் திருப்பண்டமும் மேலே. ஒரே கடவுள், இரண்டு தளம். மாவிட்டபுரத்தில் 1968இல் எதற்காகப் போராடினார்கள் என்று தெரிந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

ஆனால் நாங்கள் இதை எழுத உட்கார்ந்தது கணக்குக்காகவோ மாடிக்காகவோ இல்லை. புத்தகங்களுக்காக.

யூதர்களின் தல்மூத் என்பது ஒற்றைப் புத்தகம் இல்லை. பல நூற்றாண்டுகளாக அறிஞர்கள் ஒருவரோடு ஒருவர் வாதாடியதைச் சேர்த்து வைத்த பெருந்தொகுப்பு. யூத மதத்திலிருந்து கிறிஸ்தவத்துக்கு மாறிய நிக்கோலா டொனின் என்பவர் 1236இல் பாப்பரசர் ஒன்பதாம் கிரகரியிடம் தல்மூத்துக்கு எதிராக 35 குற்றச்சாட்டுகளைக் கொண்டுபோனார். பாப்பரசர் 1239இல் பல நாட்டு அரசர்களுக்கும் எழுதினார்: புத்தகங்களைப் பறியுங்கள். செய்து காட்டியவர் லூயி. 1240 மார்ச் 3, ஒரு சனிக்கிழமை. யூதர்கள் ஓய்வுநாள் வழிபாட்டில் இருந்த நேரம் பார்த்துப் புத்தகங்கள் பறிக்கப்பட்டன. நேரத்தைத் தெரிவுசெய்த அந்தக் கவனத்தைப் பாருங்கோ. சுற்றிவளைப்புகளுக்குள் வளர்ந்த எங்கட பெற்றோருக்கு அது நல்லாத் தெரிந்த கவனம்.

பிறகு ஒரு "விவாதம்" நடந்தது. அரசரின் தாய் பிளான்ஷ் முன்னிலையில், பாரிசின் ரபி யெஹியேல் தன்னுடைய மக்களின் புத்தகத்துக்காக வாதாடினார். விவாதம் என்ற சொல்லை நாங்கள் மேற்கோள் குறிக்குள் வைத்திருப்பதற்குக் காரணம், அதில் ஒரு பக்கத்தின் புத்தகங்கள் ஏற்கெனவே மற்றப் பக்கத்தின் களஞ்சியத்துக்குள் இருந்தன. தீர்ப்பு என்னவாக இருக்கும் என்று யாரும் கேட்கத் தேவையில்லை. 1242இல், பாரிசின் கிரேவ் சதுக்கத்தில், 24 வண்டில் நிறையக் கையெழுத்துப் படிகள் எரிக்கப்பட்டன. அச்சு வருவதற்கு 200 வருடம் முந்திய காலம் அது. ஒவ்வொரு பிரதியும் ஒருவர் குனிந்திருந்து, தோலில், எழுத்து எழுத்தாக எழுதியது. பாபிலோனியத் தல்மூத்தின் முழுமையான மத்தியகாலக் கையெழுத்துப் பிரதி என்று இன்றைக்கு எஞ்சியிருப்பது ஒன்றே ஒன்று. அது மியூனிக்கில் இருக்கிறது, 1342இல் எழுதியது. மற்றவை எங்கே போயின என்பதில் இந்த 24 வண்டிலும் ஒரு பகுதி.

அதே ஆண்டுகளில்தான் கிரேவ் சதுக்கத்துக்குக் கொஞ்சம் தள்ளி, ஆற்றின் நடுவிலே இருக்கிற தீவில், சிற்றாலயத்தின் வேலை நடந்துகொண்டிருந்தது. கண்ணாடியில் வந்தவர்கள் யார்? மோசே. யோசுவா. எரேமியா. யூதித்து. எஸ்தர். எஸ்தருக்கு ஒரு முழு யன்னல். யூதர்களை அழிக்க அரச கட்டளை பிறந்தபோது அதைத் தடுத்த யூதப் பெண்ணின் கதை அது. கண்ணாடியில் இருந்த யூதர்களுக்கு வெளிச்சம் பூசினார்கள், தெருவில் இருந்த யூதர்களின் புத்தகங்களுக்குத் தீ வைத்தார்கள். இதைவிடச் சுருக்கமாக ஒரு பேரரசின் மனதை எங்களால் விளக்க முடியாது. செத்தவர்களின் மரபை எடுத்துக்கொள், உயிரோடு இருப்பவர்களை இல்லாமல் ஆக்கு.

"அது அந்தக் காலம், அந்தக் காலத்து ஆக்கள் அப்படித்தான்" என்ற பதில் இப்போது வரும். எப்பவும் வரும். ஆனால் அந்தக் காலத்து ஆட்கள் எல்லாரும் அப்படி இல்லை. பாப்பரசரின் கடிதம் கிடைத்த மற்ற அரசர்கள் லூயி மாதிரிச் செய்யவில்லை. சான்ஸ் பேராயர் கோத்தியே கோர்னுதான் முள்முடி வந்த கதையை எழுதியவர் என்று சொல்லப்படுகிறது. அந்தக் காலத்துத் துறவி ஒருவர் எழுதிவைத்த கதையில், ஒரு பேராயர் அரசரிடம் பேசிப் புத்தகங்களைத் திருப்பிக் கொடுக்கவைக்கிறார். கொஞ்ச நாளில் அவர் திடீரென்று இறந்துபோக, அரசர் அதைக் கடவுளின் கோபம் என்று பயந்து புத்தகங்களை எரிக்கிறார். அந்தப் பேராயர் இதே கோர்னுதான் என்று பல வரலாற்றாளர்கள் அடையாளம் காண்கிறார்கள். லஞ்சம் வாங்கினார் என்றும் கதை சொல்கிறது. வாங்கினாரோ இல்லையோ, தடுக்கலாம் என்ற எண்ணம் அந்தக் காலத்தில் ஒரு தலைக்குள் இருந்திருக்கிறது. 1247இல் பாப்பரசர் நான்காம் இன்னொசென்ட், தல்மூத் இல்லாமல் எங்கள் மதத்தையே பின்பற்ற முடியாது என்ற யூதர்களின் முறைப்பாட்டைக் கேட்டு, திரும்பவும் ஆராயச் சொன்னார். ஆராயும் பொறுப்பு அவருடைய பிரதிநிதி ஓதோ த ஷாதோருவிடம் போனது.

இந்த ஓதோவின் நாட்குறிப்பைக் கொஞ்சம் பாருங்கோ. 1248 ஏப்ரல் 26, சாந்த் சப்பலின் மேல்மாடத்தை அவரே அபிஷேகம் செய்து திறந்துவைக்கிறார். 1248 மே 15, தல்மூத்தைத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்ற தீர்ப்பை அவரே வெளியிடுகிறார். இடையில் மூன்று கிழமைகூட இல்லை. கோயிலைத் திறந்த கையும் புத்தகத்தை மூடிய கையும் ஒன்று என்று நாங்கள் சொன்னால், மேடைப்பேச்சு என்று நினைக்க வேண்டாம். உண்மையாகவே ஒரே ஆளின் கை.

லூயி கொடுங்கோலன் என்று ஒற்றைச் சொல்லில் முடிக்கவும் நாங்கள் வரவில்லை. ஏழைகளின் கால் கழுவினார், பார்வையற்றோர் 300 பேருக்குப் பாரிசில் இல்லம் அமைத்தார், அது இன்றைக்கும் கண் வைத்தியசாலையாக இருக்கிறது. மரத்தடியில் இருந்து வழக்குத் தீர்த்தார் என்று அவருடைய நண்பர் ஜுவான்வில் எழுதினார். அதே ஜுவான்வில்தான், யூதர்களோடு சாதாரண விசுவாசி வாதாடக்கூடாது, வாளால்தான் பதில் சொல்லவேண்டும் என்பது லூயியின் அறிவுரை என்றும் எழுதிவைத்தார். 1269இல் யூதர்கள் உடுப்பில் வட்ட அடையாளம் அணிந்தே வெளியே வரவேண்டும் என்று ஆணையிட்டவரும் இந்த மரத்தடி நீதிபதிதான். 1248இல் சிலுவைப்போருக்குப் போய், 1250இல் எகிப்தில் பிடிபட்டு, பெருந்தொகை கட்டி மீண்டு, 1270இல் இரண்டாம் தடவை போன இடத்தில் துனிசில் இறந்தார். 1297இல் புனிதர் ஆக்கினார்கள். நல்ல மனிதர் ஏன் கெட்டது செய்தார் என்று குழம்புகிறவர்கள், அவருடைய நல்லதையும் கெட்டதையும் ஒரே நம்பிக்கைதான் செய்தது என்பதை ஒருக்கால் யோசித்துப் பார்க்கலாம்.

1981 மே 31 இரவுக்குப் பிறகு பிறந்தவர்கள் நாங்கள். 97,000 புத்தகங்கள் என்ற எண்ணைப் பாடமாக்கி வளர்ந்தோம். அதனால் 24 வண்டில் என்று வாசிக்கும்போது எங்களுக்கு வேறு மாதிரித்தான் இருக்கும். இரண்டையும் தராசில் வைத்து எது பெரிது என்று பார்க்க வரவில்லை. ஒன்று மட்டும் கேட்கிறோம். யாழ்ப்பாண நூலகத்தை எரித்தவர்களைப் புகழ்ந்து ஒரு கண்ணாடி மாளிகை கட்டியிருந்தால், அதற்கு முன்னால் நின்று "சொல்ல வார்த்தை இல்லை" என்று எழுதுவோமா?

இதுவரைக்கும் வாசித்துச் சிலர் சந்தோசப்பட்டிருப்பினம். வெள்ளைக்காரனை நல்லாக் குடுத்திருக்கிறாங்கள் எண்டு. கொஞ்சம் பொறுங்கோ. தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளை வாசித்திருக்கிறீர்களா? சேரரையும் பாண்டியரையும் வென்று கொண்டுவந்த செல்வத்திலிருந்து இராசராசன் கொடுத்தவை அங்கே பட்டியலாக இருக்கின்றன. ஈழத்து ஊர்களின் வருமானம் அந்தக் கோயிலுக்கு எழுதிவைக்கப்பட்டதும் அங்கே இருக்கிறது. அந்தக் கோபுரத்தின் படத்தைப் போட்டு "ஆண்ட பரம்பரை" என்று எழுதுகிறவர்கள், சாந்த் சப்பலைப் பற்றிக் கதைக்க முதல் அந்தப் பட்டியலை ஒருக்கால் வாசிக்க வேண்டும். கொள்ளை எங்கட ஆள் அடித்தால் வரலாறு, மற்றவன் அடித்தால் கொள்ளை என்ற கணக்கு எங்களுக்குச் சரிவராது.

அப்ப என்ன, இடித்துப்போடச் சொல்கிறீர்களா? இல்லை. இடிக்கிற வேலையைப் பிரெஞ்சுப் புரட்சி கொஞ்சம் செய்து பார்த்தது. பொன் பேழையை உருக்கினார்கள். சிற்றாலயம் கொஞ்சக் காலம் நீதிமன்றக் கோப்புகளை அடுக்கிவைக்கிற களஞ்சியமாக இருந்தது. பிறகு 19ஆம் நூற்றாண்டில் எல்லாவற்றையும் திருத்தி, இன்றைக்கு நாங்கள் பார்க்கிற கூரான கோபுரத்தையும் புதிதாக ஏற்றினார்கள். முள்முடி 1806இல் நொத்ர்டாமுக்குப் போய்விட்டது. 2019 ஏப்ரல் 15 தீயில் தீயணைப்புப் படையினர் அதைப் பத்திரமாக வெளியே எடுத்தார்கள். சில நாட்களுக்குள் பெரும் பணக்காரர்கள் பத்துக் கோடி, இருபது கோடி யூரோ என்று வாக்குக் கொடுத்தார்கள். அந்த மாதங்களில் தெருவில் நின்ற மஞ்சள் மேலங்கிக்காரர்கள், எங்களுக்கு இல்லாத காசு இதற்கு எங்கே இருந்து வந்தது என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. 2024 டிசம்பரில் முடி திரும்பவும் நொத்ர்டாமுக்கு வந்தது. சாந்த் சப்பலில் இப்போது எந்தத் திருப்பண்டமும் இல்லை. வெறும் நகைப்பெட்டிக்குத்தான் வரிசையில் நிற்கிறார்கள்.

நாங்கள் கேட்பது சின்ன விசயம். பார்க்கிறதை முழுதாகப் பாருங்கோ. எஸ்தரின் யன்னலைத் தேடிப் பிடித்து, அது எந்த ஆண்டுகளில் வரையப்பட்டது என்று யோசியுங்கோ. அந்த எரிப்பைப் பற்றி ரோதன்பேர்க் நகர ரபி மெயிர் எபிரேய மொழியில் ஒரு புலம்பல் எழுதினார். எருசலேம் ஆலயம் அழிந்ததை நினைத்து யூதர்கள் நோன்பிருக்கிற நாளில், தோல் செருப்பில்லாமல் தரையில் இருந்து, அதை இன்றைக்கும் பல தொழுகைக்கூடங்களில் படிக்கிறார்கள். ஒரு கோயில் இடிந்ததற்கும் சில வண்டில் புத்தகங்கள் எரிந்ததற்கும் ஒரே நாளில் அழுகிற சனம் அது.

அந்தக் கிரேவ் சதுக்கத்துக்கு இப்போது நகரசபைச் சதுக்கம் என்று பெயர். சிற்றாலயத்திலிருந்து வெளியே வந்து, பாலத்தைக் கடந்து, வலப்பக்கம் ஆற்றோரமாகக் கொஞ்சத் தூரம் நடந்தால் வந்துவிடும். உள்ளே போக ரிக்கெற் ஒன்றும் தேவையில்லை.